அக்கா போட்ட கலர்

அந்த லேபில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் பதில் ஒன்றுதான். "அண்ணியைக் கேளு."

பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துப் பல்லுக்கு மேலே மாட்டுகிற கேப்பும், கழற்றி மாட்டுகிற பல்செட்டும் செய்து கொடுக்கிற லேப் அது. கீழே லேப், மேலே வீடு. மாமனார் வாசல் பக்கம் உட்கார்ந்து, வந்த அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றுவார். இளைய மகன் உள்ளறையில் மெழுகில் பல்லைச் செதுக்கி, அதை உலோகத்தில் வார்ப்பான். மூத்தவன் அந்த உலோகத்தின் மேல் பீங்கானைப் பூசிப் பூசிச் சுட்டு, சொந்தப் பல் மாதிரியே நிறம் கொண்டுவருவான். மூத்தவனுடைய பெண்டாட்டிதான் நம்ம பெரியவள். எந்த டாக்டர், எந்த ஆள், எந்தப் பல், என்ன நிறம், எப்போது கொடுக்க வேண்டும், எல்லாம் அவள் கையில். கையில் என்றால் கம்ப்யூட்டரில். வேர்டில் டேபிள் போட்டு, மாசத்துக்கு ஒரு ஃபைல் என்று, கல்யாணமாகி வந்ததிலிருந்து அடித்து அடித்து வைத்திருந்தாள்.

உள்ளறையிலிருந்து "அண்ணீ!" என்று ஒரு கூப்பாடு வரும். "லிஃப்ட் டாக்டரம்மாவோட ஆளு, அந்த தபால்காரர், போன தடவை என்ன நிறம் குடுத்தோம்?"

லிஃப்ட் டாக்டரம்மா என்பது அந்த அம்மாவின் கிளினிக் இருக்கிற கட்டடத்தால் வந்த பேர். லிஃப்ட் இருக்கிறது, அது ஓடி யாரும் பார்த்ததில்லை.

பெரியவளுக்குப் பதில் நாக்கு நுனியில் இருக்கும். ஆனாலும் உடனே சொல்லிவிட மாட்டாள். "இரு, பாக்கறேன்" என்பாள். ஃபைலைத் திறப்பாள், மூடுவாள், இன்னொன்றைத் திறப்பாள். உள்ளே கொழுந்தன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பான். ஒரு ஆள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிற அந்த நேரம் இருக்கிறதே, அதில்தான் அவளுக்கு உச்சி குளிரும். வேறு என்ன கிடைத்தது அவளுக்கு அந்த வீட்டில்? புருஷன் செய்த பல்லை டாக்டர்கள் புகழ்வார்கள், கொழுந்தன் கைவேலையை மாமனார் புகழ்வார். இவளை யாரும் புகழவில்லை. ஆனால் கேட்டார்கள். இவளைக் கேட்காமல் ஒரு பல் அந்த வாசலைத் தாண்டாது. அது போதும் என்று இருந்தாள்.

டேபிள் என்றாலும் சும்மா டேபிள் இல்லை. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரே ஒரு வரி. வரி உயரமாகிவிட்டால் பிரின்ட் எடுக்கும்போது பக்கம் கோணலாகத் தெரியும் என்று அவளுக்குப் பிடிக்காது. அதனால் குறிப்பு எழுதுகிற இடத்தில் கலர் போட்டுவிடுவாள். மஞ்சள் என்றால் தாமதமானால் போனில் குதிக்கிற டாக்டர், முன்னதாகவே முடித்துவிடு என்று அர்த்தம். பச்சை என்றால் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற ஆள், கேப்பைத் தடிமனாகச் செய். சாம்பல் என்றால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். ரோஸ் என்றால் நிக்கல் ஒத்துக்கொள்ளாத உடம்பு. லேபில் வழக்கமாக உருக்குவது நிக்கல் கலந்த உலோகம்தான். ரோஸ் போட்டவர்களுக்கு மட்டும் அது கூடவே கூடாது. நீலம் மட்டும் சும்மா. மழை விடாமல் பெய்த ஒரு நாளில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, பக்கம் வெறிச்சென்று இருக்கிறதே என்று அங்கங்கே நீலம் தீட்டினாள். அழகாக இருந்தது. அதற்கப்புறம் மனசு லேசாக இருக்கிற நாளிலெல்லாம் ஒரு நாலு வரிக்கு நீலம் விழும்.

இந்தக் கணக்கு அவள் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கலரைப் பார்த்துப் பதில் சொல்லத்தான் அவள் இருக்கிறாளே.

அப்புறம் இளையவனுக்குக் கல்யாணமாயிற்று. சின்னவள் வந்தாள்.

சின்னவள் அதற்கு முன்னால் ஒரு பார்சல் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்த்தவள். எந்தப் பொட்டி எந்த ஊரில் எந்த வண்டியில் கிடக்கிறது என்று ஒரு நம்பரைத் தட்டிச் சொல்லுகிற வேலை. பத்து விரலாலும் அடிப்பாள். பேசிக்கொண்டே அடிப்பாள், சிரித்துக்கொண்டே அடிப்பாள். பெரியவள் இரண்டு விரலால் தேடித் தேடிக் குத்துகிறவள். பக்கத்து நாற்காலியில் அந்தக் கீபோர்டு மடமடவென்று பொரியும்போது இவளுக்குக் காதோடு வயிறும் எரியும்.

வந்த புதிதில், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, சின்னவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "மாமா, நம்ம அக்கா வேர்டுல எவ்வளவு சேத்து வெச்சிருக்காங்க! அதை அப்படியே டேட்டாபேஸுக்குள்ள கொண்டுபோயிட்டா, பேரைத் தட்டினா போதும். அந்த ஆளோட பல்லு மொத்தமும் வந்து நிக்கும். யாரு வேணா பாத்துக்கலாம்."

யாரு வேணா பாத்துக்கலாம். அந்த ஒரு வார்த்தை பெரியவளின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

"செய்யும்மா, செய்யி" என்றார் மாமனார். "இதுக்கெல்லாம் கேக்கணுமா?"

பாருங்கள் அநியாயத்தை. கேட்க வேண்டியவளை ஒருத்தரும் கேட்கவில்லை.

மறுநாளே வேலை தொடங்கியது. சின்னவள் டேபிளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து வெறும் எழுத்தாக மாற்றினாள். கோடுகள் எல்லாம் மறைந்து, கட்டம் கட்டமாக இருந்தது இடைவெளி இடைவெளியாக நின்றது. அதைப் புது புரோகிராம் உள்ளே இழுத்துக்கொண்டது. பெரியவள் பின்னால் நின்று பார்த்தாள். வருஷக் கணக்கில் கோடு கோணாமல் கட்டிக் காத்த டேபிள் கண்ணெதிரே கலைந்து போகிறது. அவளுக்கு அழுகை வராத குறை.

ஆனால் கூத்து அதற்கப்புறம்தான். கட்டத்துக்குள் வார்த்தை கொள்ளாதபோது பெரியவள் சில இடத்தில் வேறு வழியில்லாமல் என்டர் தட்டி அடுத்த வரிக்குப் போயிருந்தாள். அந்த என்டர் ஒவ்வொன்றையும் புரோகிராம் புது ஆள் என்று எடுத்துக்கொண்டது. "கடிக்கும்போது" என்பது முந்தின ஆளோடு நின்றுவிட, "இடிக்குதாம்" என்பவர் தனியாக ஒரு பேஷன்ட்டாக வந்து உட்கார்ந்துவிட்டார். அதாவது பரவாயில்லை. மேலே இருக்கிற அதே டாக்டர் என்றால் பெரியவள் பேரைத் திரும்ப அடிக்க மாட்டாள், "மேற்படி" என்று போட்டுவிடுவாள். டேபிளில் மேலே பார்த்தால் யார் என்று தெரியும். புரோகிராமுக்கு மேலேயும் தெரியாது, கீழேயும் தெரியாது. அது எல்லாவற்றையும் அகர வரிசைப்படி அடுக்கி, டாக்டர் வாரியாக எண்ணிக் காட்டியது. முதல் இடம் டாக்டர் மேற்படிக்கு.

அன்று சாப்பாட்டு மேஜையில் இதுதான் பேச்சு.

"யாரும்மா அந்த டாக்டர் மேற்படி?" என்றார் மாமனார், சிரிப்பை அடக்க முடியாமல். "நமக்கு இவ்வளவு வேலை குடுக்கற மகராசன். அவருக்கு ஒரு நல்ல பரிசா அனுப்பணும்."

"பரிசை யாரு வாங்கிக்குவா? மிஸ்டர் இடிக்குதாமா?" என்றான் இளையவன்.

மாமனாருக்குப் புரையேறிவிட்டது. இளையவன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். சின்னவள் மட்டும், "பார்சல் கம்பெனியிலயும் முதல் தடவை இப்படித்தான், எல்லா இடத்துலயும் வர்றதுதான்" என்று என்னவோ சமாளித்தாள். அது யார் காதில் விழுந்தது? பெரியவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். வாயில் வைத்த சோற்றை மென்றுகொண்டே, தோள் குலுங்க. கட்டின புருஷன்!

அதோடு விட்டானா? "இவ்வளவு நாள் இது நமக்குத் தோணவே இல்லையே" என்று சின்னவளைப் பார்த்துச் சொன்னான். எத்தனையோ வருஷமாக இவள் குத்திக் குத்தி அடித்ததற்கு அவன் ஒரு நாள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெரியவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பாத்திரம் தேய்க்கிற சத்தத்தில் அவளுடைய மூச்சுச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் சின்னவள் ஒரு ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு நிமிஷம். உள்ள போகும்போது எழுத்து மட்டும்தான் வருது, கலர் வரல. இந்த ரோஸு, பச்சை, நீலம் எல்லாம் போட்டிருக்கீங்களே, இதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?"

கேட்டாள். ஆமாம், கேட்கத்தான் செய்தாள். அந்த வீட்டில் அன்றைக்குப் பெரியவளைக் கேட்ட ஒரே ஆள் சின்னவள்தான். பெரியவள் வாயைத் திறந்தாள். சொல்லத்தான் திறந்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து கொழுந்தன், "டாக்டர் மேற்படி போன் பண்ணினாரா?" என்று கத்தினான். வாசலில் மாமனார் கெக்கெக்கே என்று சிரித்தார்.

"அர்த்தம் என்ன அர்த்தம்?" என்றாள் பெரியவள். "எல்லாம் சும்மா அழகுக்குத்தான்."

நீலத்துக்கு மட்டும் பொருந்துகிற உண்மையை எடுத்து எல்லாக் கலருக்கும் பூசிவிட்டாள். சொல்லும்போது இனித்தது. 'பட்டுத் தெரிஞ்சுக்கட்டும். பத்து விரலால அடிச்சா மட்டும் போதுமா? நாளைக்கு ஒண்ணு தப்பாப் போகும். அப்ப எல்லாரும் ஓடி வந்து அண்ணீ அண்ணீன்னு நிப்பாங்க இல்ல?' இப்படியும் ஒருத்தி நினைப்பாளா என்று கேட்காதீர்கள். நினைப்பாள். நீங்களும் எங்கேயாவது நினைத்திருப்பீர்கள், ஒப்புக்கொள்ள மாட்டீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சின்னவள் "சரிக்கா" என்று நம்பிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். டாக்டர் மேற்படியை ஒவ்வொரு வரியாகப் பிரித்து, உரிய டாக்டரிடம் ஒப்படைத்தாள். இடிக்குதாமைக் கடிக்கும்போதுவோடு சேர்த்து வைத்தாள். கொஞ்ச நாளில் புது புரோகிராம் ஓட ஆரம்பித்தது.

ஓட ஆரம்பித்ததும் லேப் அமைதியாகிவிட்டது. உள்ளறையில் இளையவனுக்கு ஒரு திரை வைத்துக் கொடுத்தாள் சின்னவள். அவன் பேரைத் தட்டுவான், பார்ப்பான், வேலையைச் செய்வான். "அண்ணீ" என்ற சத்தமே இல்லை. டாக்டர் யாராவது போன் செய்தால் சின்னவள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவாள். காத்திருக்க வைக்கவே மாட்டாள், பைத்தியக்காரி. போனும் ஒரு நாள் சத்தமில்லாமல் அவள் மேஜைக்குப் போய்விட்டது. "நீ ஏன் கண்ணைக் கெடுத்துக்கணும்? பேக்கிங் பாத்துக்கோ" என்றான் புருஷன், பெரிய உபகாரம் செய்கிறவன் மாதிரி. பெரியவள் முடிந்த பல்லைப் பஞ்சில் சுற்றி, டப்பாவில் வைத்து, லேபிள் ஒட்டினாள். டப்பாக்கள் அவளை எதுவும் கேட்கவில்லை.

காத்திருந்தாள். ஒன்று தப்பாகட்டும், ஒன்றே ஒன்று. ஆனால் தப்பாகவே இல்லை. மஞ்சள் டாக்டர்கள் கூடக் குதிக்கவில்லை, எல்லோருக்கும் வேலை முன்னதாகவே போய்க்கொண்டிருந்தது. பெரியவளுக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. சின்னவளுக்கு மேஜை விளக்கு புதுசு, நாற்காலி புதுசு, மாமனார் வாயில் "சின்னப்பொண்ணு, சின்னப்பொண்ணு" என்று நாளெல்லாம் அதே பாட்டு. அவள் தலை வாரிப் பின்னுகிற விதம் கூட இவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் சீட்டு வந்தது.

லிஃப்ட் டாக்டரம்மா அனுப்பின அச்சு. மாமனார் பிளாஸ்டர் ஊற்றி, தட்டில் வைத்து, சீட்டையும் அதன் மேல் வைத்து உள்ளே கொடுத்தனுப்பும்போது, தட்டு பேக்கிங் மேஜையைத் தாண்டித்தான் போனது. பெரியவள் பேரைப் படித்தாள். நீச்சல் டீச்சர். பக்கத்துப் பல்லுக்கு ஒரு கேப். குறிப்பில் டாக்டரம்மா எழுதியிருந்தது இவ்வளவுதான்: "முன்ன செய்த மாதிரியே."

பெரியவள் அதை இன்னொரு தடவை படித்தாள். நீச்சல் டீச்சரை அவளுக்கு நன்றாகத் தெரியும். முதல் தடவை வழக்கமான உலோகத்தில் செய்து கொடுத்து, அந்தப் பெண்ணுக்கு ஈறு வீங்கி, உதடு தடித்து, கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பிவிட்டது. நிறம் பார்க்க நேரே லேபுக்கு வந்து, துண்டால் வாயை மூடிக்கொண்டு இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். குளத்துக்குப் போய் ரொம்ப நாளாச்சு என்று எழுதிக் காட்டினாள், பேச முடியவில்லை. கேப்பைக் கழற்றி, நிக்கல் இல்லாத உலோகத்தில் மறுபடி செய்து கொடுத்தார்கள். டாக்டரம்மா போனில், "இனிமே இந்தப் பொண்ணுக்கு இதுதான், மறந்துடாதீங்க" என்று இவளிடம்தான் சொன்னார். இவளும் வரியை ரோஸாக்கினாள். டாக்டரம்மாவைப் பொறுத்தவரை சொல்லியாகிவிட்டது. லேபுக்குத் தெரியும்.

லேபுக்கு எங்கே தெரியும்? இவளுக்குத்தான் தெரியும்.

தட்டு உள்ளே போய்விட்டது. பெரியவள் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதோ, இதற்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தாள்? வீங்கின முகத்தோடு அந்தப் பெண் வருவாள், டாக்டரம்மா கத்துவார், மாமனார் சின்னவளைக் கூப்பிட்டு, "என்னம்மா உன் கம்ப்யூட்டர் லட்சணம்?" என்பார். சின்னவள் முகம் சுண்டிப்போகும். அதை நினைத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே துண்டால் வாயை மூடின அந்தப் பெண்ணும் வந்து உட்கார்ந்துகொண்டாள். அதுதான் நன்றாக இல்லை.

மெழுகு வேலை முடிந்து அச்சை உலையில் வைத்துவிட்டான் இளையவன். அது சிவந்து பழுத்ததும் உலோகத்தை உருக்கி ஊற்ற வேண்டியதுதான்.

"உடம்பு சரியில்லையா?" என்றான் மூத்தவன், பீங்கான் தூரிகையோடு எட்டிப் பார்த்து. "மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே."

"ஒண்ணுமில்ல."

சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால், அன்றைக்கு ஏன் அழகுக்கு என்றாய் என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில்? பெரியவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சின்னவள் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் கம்ப்யூட்டரில் அந்தப் பேரைத் தேடி, குறிப்பில் "நிக்கல் கூடாது" என்று தானே அடித்துவிட்டு, கொழுந்தனிடம் போய், "எதுக்கும் ஒரு தடவை குறிப்பைப் பாத்துக்கோ" என்றால் முடிந்தது. யாருக்கும் எதுவும் தெரியாது.

புது நாற்காலியில் உட்கார்ந்தாள். பேரை இரண்டு விரலால் குத்தினாள். நீச்சல் டீச்சர் வந்து நின்றாள், டாக்டர், பல், நிறம், தேதி எல்லாவற்றோடும். குறிப்பு இருக்கிற இடம் காலி. அதற்குக் கீழே இவள் இதுவரை பார்க்காத ஒரு தலைப்பு இருந்தது.

"அக்கா போட்ட கலர்: ரோஸ்."

பெரியவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த ஆளுக்குப் போனாள். அக்கா போட்ட கலர்: பச்சை. அதற்கடுத்த ஆள், நீலம். மஞ்சள், மஞ்சள், சாம்பல், நீலம். ஓட்டிக்கொண்டே போனாள். இவள் கலர் தீட்டின ஒரு வரி விடாமல், எல்லாவற்றிலும் இருந்தது. கலர்தான் தானாக உள்ளே வராதே. சின்னவள்தான் ஒவ்வொன்றாகப் பழைய ஃபைலைத் திறந்து பார்த்து, கையால் அடித்திருக்கிறாள்.

உங்களுக்குக் கண் கலங்குகிறதா? பெரியவளுக்கு முதலில் வந்தது அது இல்லை. 'அடிப்பாவி' என்றுதான் வந்தது. 'வேலை தெரிஞ்சவன்னு பேரு வாங்கினே. கெட்டிக்காரின்னு பேரு வாங்கினே. இப்ப நல்லவங்கற பேரையும் நீயே எடுத்துக்கிட்டியே. எனக்குன்னு எதை மிச்சம் வெச்சே?'

"அட, அக்கா!" சின்னவள் தோள் நிறையத் துணியோடு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெட்கம். "பாத்துட்டீங்களா? நீங்க அழகுக்குன்னுதான் சொன்னீங்க. ஆனா அது இல்லாம மொட்டையா இருந்துச்சுக்கா. நீங்க இவ்வளவு ஆசையாப் போட்டது, போறதுக்கு மனசு வரல. வேலை இல்லாதப்ப பாட்டு கேட்டுக்கிட்டே அடிச்சேன். இன்னும் கொஞ்ச நாள்ல நிஜக் கலராவே தெரியற மாதிரி பண்ணிட்டு உங்களைக் கூப்பிட்டுக் காட்டலாம்னு இருந்தேன்."

பெரியவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"இவருகூட காலையில கேட்டாரு" என்றாள் சின்னவள், துணியை நாற்காலியில் போட்டபடி. "ரோஸ்னு போட்டிருக்கே, என்ன அதுன்னு. ஒண்ணுமில்ல, சும்மா அழகுக்குத்தான், அக்காவே சொன்னாங்கன்னேன்."

பெரியவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டு போய்ச் சுவரில் இடித்தது.

உள்ளறையில் இளையவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, உலோகத்தின் மேல் தீயைப் பிடித்திருந்தான். அது உருகி உருண்டு பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"நிறுத்து! ஊத்தாதே!"

"கிட்ட வராதீங்க அண்ணி!"

"அந்தப் பொண்ணுக்கு நிக்கல் ஆகாது! ரோஸ் போட்டிருக்கில்ல?"

"ரோஸ் அழகுக்குத்தானே?"

"இல்லடா!"

அவன் தீயை அணைத்தான். உலோகம் ஆடுவதை நிறுத்தி, மங்கி, இறுகியது. சத்தம் கேட்டு மூத்தவன் தூரிகையோடு வந்து நின்றான். மாமனார் கையெல்லாம் பிளாஸ்டரோடு வந்தார். கடைசியாகச் சின்னவள்.

"அந்த நீச்சல் டீச்சர்" என்றாள் பெரியவள், மூச்சு வாங்க. "மூஞ்சி வீங்கி வந்தாளே, அவ. ரோஸ்னா நிக்கல் கூடாதுன்னு அர்த்தம். நான்தான் போட்டேன்."

இளையவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "அப்புறம் ஏன் அழகுக்குன்னு சொன்னீங்க?"

"மறந்திருப்பா" என்றான் மூத்தவன் சட்டென்று. "எவ்வளவு வருஷத்து விஷயம்? மறந்திருப்பா, விடு."

அத்தனை பேர் நடுவில் அவன் இவளுக்காகப் பேசின முதல் வார்த்தை அது. பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். பெரியவளும் தலையை ஆட்டத்தான் போனாள். ஆனால் சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் என்ன சொன்னாலும் நம்பிவிடத் தயாராக, அந்த முகத்தோடு.

"மறக்கல" என்றாள் பெரியவள். "தெரிஞ்சேதான் சொன்னேன். எல்லாரும் உக்காந்து சிரிச்சீங்க. இவ ஒரு தப்புப் பண்ணி மாட்டிக்கணும்னு நெனச்சேன். பொறாமை. போதுமா?"

 மாமனார் கையிலிருந்த பிளாஸ்டர் காய்ந்து தரையில் உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து அதைப் பொறுக்கினார்.

சின்னவள் திட்டுவாள் என்று பெரியவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம். அழுதிருந்தாலும் சமாளித்திருக்கலாம். சின்னவள் ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போய், உருண்டு கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பச்சைன்னா என்னக்கா?" என்றாள், திரையைப் பார்த்தபடி.

பெரியவள் பின்னால் போய் நின்றாள். "தூக்கத்துல பல்லைக் கடிக்கறவங்க. தடிமனா செய்யணும்."

சின்னவள் அடித்தாள். "மஞ்சள்?"

"லேட்டானா சண்டை போடற டாக்டர்."

"சாம்பல்?"

"ஆள் இல்ல. செத்துட்டாங்க."

அதையும் அடித்தாள். பத்து விரலும் ஓடின, ஆனால் பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. "நீலம்?"

"நீலம் சும்மா. அழகுக்கு."

கீபோர்டு நின்றது. சின்னவள் நாற்காலியோடு திரும்பி, முதல் தடவையாகப் பெரியவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நிஜமா, நீலம் மட்டும் அழகுக்குத்தான்" என்றாள் பெரியவள். தன் குரல் தனக்கே பொய்யாகக் கேட்டது. "ஒரு மழை நாள்ல சும்மா உக்காந்திருந்தப்ப போட்டது. சத்தியமா."

"சரிக்கா" என்றாள் சின்னவள். திரும்பி அடித்தாள். இவளுக்குத் தெரியும்படி, மறைக்காமல்தான் அடித்தாள். "நீலம்: அழகுக்கு என்று அக்கா சொன்னது. வேலை தொடங்கும் முன் அக்காவை ஒரு தடவை கேட்டுக்கொள்ளவும்."

நீச்சல் டீச்சருக்கு நிக்கல் இல்லாத கேப் போயிற்று. பல் நன்றாகப் பொருந்தியது என்று டாக்டரம்மா போன் செய்தார். அதைப் பற்றி வீட்டில் யாரும் மறுபடி வாயைத் திறக்கவில்லை. டாக்டர் மேற்படி கதையையும் அதோடு விட்டுவிட்டார்கள். சின்னவள் எப்போதும் போல அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

ஆனால் நீலம் போட்ட வரிகள் கொஞ்சநஞ்சமா? மனசு லேசாக இருந்த நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாலு வரி தீட்டினவள் ஆயிற்றே. நாள் தவறாமல் உள்ளறையிலிருந்து கூப்பாடு வருகிறது, முன்பு மாதிரியே, கத்தியைக் கீழே வைத்துவிட்டு.

"அண்ணீ! இங்க ஒரு நீலம். அழகுக்குத்தானே?"

"ஆமா, அழகுக்குத்தான்" என்கிறாள் பெரியவள். இப்போதெல்லாம் காக்க வைப்பதில்லை, உடனே சொல்லிவிடுகிறாள்.

அவன் கத்தியை எடுக்கிறான், திரும்பக் கீழே வைக்கிறான். அப்புறம் மறுபடி கேட்கிறான்.

"நிச்சயமாத்தானே அண்ணி?"